மைக்கேல் ஸ்காட் பேப்பர் கம்பெனி: பொருத்தமில்லாத மூன்று பேரின் கூட்டு வியாபாரம்

'தி ஆபிஸ்' அமெரிக்கத் தொடரை முழுக்கப் பார்க்க வேண்டுமென்றால் ஒன்பது சீசன், 201 எபிசோடு. அவ்வளவு நேரம் இல்லை என்று சொல்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: ஐந்தாவது சீசனில் 'நியூ பாஸ்' என்ற எபிசோடில் ஆரம்பித்து 'புரோக்' வரைக்கும் ஆறு எபிசோடு பாருங்கள். 2009 மார்ச் 19 முதல் ஏப்ரல் 23 வரை என்பிசி சேனலில் வந்தவை. கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து தனியாகத் தொழில் தொடங்குவது இந்த மாதிரி நகைச்சுவைத் தொடர்களில் அடிக்கடி வருகிற கதைதான். பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்தில் கடை திறப்பார்கள், கடைசி ஐந்து நிமிடத்தில் மூடிவிட்டுப் பழைய நாற்காலிக்கே திரும்பிவிடுவார்கள். இங்கே அந்தத் தொழிலுக்கு வாடகை இருக்கிறது, விலைப்பட்டியல் இருக்கிறது, விடியற்காலை டெலிவரி இருக்கிறது, நஷ்டமும் இருக்கிறது. அந்த அக்கறைதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

கதையைச் சொல்லாமல் இதைப் பற்றிப் பேச முடியாது, அதனால் முடிவு வரைக்கும் சொல்லப் போகிறேன். முன்பே தெரிந்தால் பிடிக்காது என்பவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்கிராண்டன் என்ற ஊர். அங்கே டண்டர் மிஃப்லின் என்ற பேப்பர் கம்பெனியின் கிளை. அதன் மேனேஜர் மைக்கேல் ஸ்காட், நடித்திருப்பவர் ஸ்டீவ் கரேல். பதினைந்து வருடம் அந்த கம்பெனியில் இருந்ததற்கு ஒரு விருந்து வைக்க ஆசைப்படுகிறார். அந்த நேரம் பார்த்து சார்லஸ் மைனர் என்ற புது வைஸ் பிரசிடெண்ட் வருகிறார், நடித்தவர் இட்ரிஸ் எல்பா. சிரிப்பே இல்லாத மனிதர், ஸ்டீல் கம்பெனியிலிருந்து வந்தவர், வந்ததும் செலவைக் குறைக்க விருந்தை ரத்து செய்கிறார். மைக்கேல் நேராக நியூயார்க் தலைமை அலுவலகத்துக்குப் போய்த் தன் மேலதிகாரி டேவிட் வாலஸைப் பார்க்கிறார். வாலஸ் இறங்கி வந்து, சரி விருந்தை வைத்துக்கொள் என்கிறார். கேட்டது கிடைத்துவிட்டது. அப்போதுதான் மைக்கேல் வேலையை விடுகிறேன் என்கிறார்.

இந்தக் காட்சியை நான் பல முறை திரும்பப் பார்த்திருக்கிறேன். விருந்தைப் பற்றிய கோபமாக இருந்திருந்தால் அனுமதி கிடைத்ததும் அடங்கியிருக்க வேண்டும். அவருடைய போனை எடுக்காமல் தவிர்த்துக்கொண்டே இருந்தார்கள், அதுதான் உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது. ஒரு ஆள் தன் மரியாதைக்காக வேலையை விடுவது என்றால் எப்படி இருக்கும் என்பதை, நான்கு சீசனாக நாம் கோமாளியாகப் பார்த்த ஒருவரை வைத்துக் காட்டுகிறார்கள். கரேல் அந்த இடத்தில் குரலை உயர்த்தவே இல்லை.

வேலையை விட்டு, சொந்தமாக ஒரு பேப்பர் கம்பெனி தொடங்குகிறார், அதுதான் மைக்கேல் ஸ்காட் பேப்பர் கம்பெனி. அப்புறம் கூட்டாளிகள். முதல் ஆள் பேம் பீஸ்லி, ஜென்னா ஃபிஷர் நடித்தது. தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து ரிசப்ஷனிஸ்ட். அந்த சீசன் தொடக்கத்தில்தான் நியூயார்க்கில் கிராஃபிக் டிசைன் படிப்புக்குப் போய், ஒரு பாடத்தில் தேறாமல் திரும்பி வந்து, மறுபடி அதே மேசையில் உட்கார்ந்தவர். 'டூ வீக்ஸ்' எபிசோடில் புதிதாக வந்த ஜெராக்ஸ் மெஷினைப் பொருத்துவதில் அவருடைய நாள் போகிறது. அந்த மெஷினோடு மல்லுக்கட்டி ஒருவழியாக ஓடவைத்த பிறகுதான், இது சரியாகிவிட்டால் நாளையிலிருந்து இதற்குப் பக்கத்திலேயே என் வாழ்க்கை ஓடும் என்பது அவருக்கு உறைக்கிறது. எழுந்து மைக்கேலோடு கிளம்பிவிடுகிறார், விற்பனைப் பிரதிநிதியாகத்தான் வருவேன் என்ற எண்ணத்தோடு. கல்யாணம் நிச்சயமான பெண், வருங்காலக் கணவரும் அதே ஆபீஸில் வேலை பார்ப்பவருமான ஜிம் சமீபத்தில்தான் வீடு வாங்கியிருக்கிறார், நாடு முழுக்க வேலைகள் பறிபோய்க்கொண்டிருந்த 2009. அந்த நேரத்தில் மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு மைக்கேலை நம்பிப் போவது சாதாரணக் காரியம் இல்லை. வீரவசனம் எதுவும் பேசவைக்காமல் அவர் முகத்தில் பயத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள், அதனால்தான் நம்ப முடிகிறது.

இரண்டாவது ஆள் ரயன் ஹாவர்ட். டெம்ப்பாக, அதாவது தற்காலிக ஊழியராக உள்ளே வந்து, எம்பிஏ முடித்து, ஒரே தாவலில் தலைமை அலுவலகத்தில் வைஸ் பிரசிடெண்ட் ஆகி, விற்பனைக் கணக்கில் தில்லுமுல்லு செய்து கைதானவர். மைக்கேல் தேடிப் போகும்போது தலைமுடியை வெளுக்க வைத்துக்கொண்டு ஒரு பவுலிங் விளையாட்டுக் கூடத்தில் ஷூ கொடுத்துக்கொண்டிருக்கிறார். நடித்தவர் பி.ஜே. நோவாக், தொடரின் எழுத்தாளர்களில் ஒருவரும் அவர்தான். எழுத்தாளர் குழுவில் இன்னொரு முக்கியமானவர் கெல்லி கபூராக நடித்த மிண்டி கேலிங். அவருடைய முழுப் பெயர் வேரா மிண்டி சொக்கலிங்கம், அப்பா தமிழர். அந்த அறையில் உட்கார்ந்து எழுதியவர்களில் நம் வழிவந்த ஒருவரும் இருந்தார் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

ஆக மூன்று பேர். மேனேஜராக இருந்து அவமானப்பட்டவர், ரிசப்ஷனிலேயே தேங்கிப்போனவர், உச்சிக்குப் போய் விழுந்தவர். மூவருக்கும் நட்பு கிடையாது, ஒரே மாதிரி ரசனை கிடையாது, பேம் ரயனை நம்புவதே இல்லை. பழைய ஆபீஸில் தங்கள் மேல் ஒட்டிய பட்டத்தைக் கழற்றிப் போட்டுவிட வேண்டும் என்பது ஒன்றுதான் பொது. அந்த ஆசையை ஒரு சின்ன அறைக்குள் அடைத்து என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் அடுத்த எபிசோடுகள்.

அறை என்று சொன்னேனே, டண்டர் மிஃப்லின் இருக்கிற அதே கட்டடத்தில், ஸ்டோர் ரூம் அளவுக்கு ஓர் இடம். ஜன்னல் கிடையாது. சுவருக்குள் கழிவறைக் குழாய் போகிறது, மாடியில் யாராவது தண்ணீரைத் திறந்துவிட்டால் இவர்கள் பேச்சு அந்தச் சத்தத்தில் மூழ்கிப்போகும். மூன்று மேசையும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. கூட்டாக வியாபாரம் செய்த யாருக்கும் இந்த அறை புரியும். கோபம் வந்தால் கதவைச் சாத்திக்கொள்ள இன்னொரு அறை இல்லை, சண்டை போட்ட ஆளின் முழங்கை பட்டுக்கொண்டேதான் அடுத்த போனைப் பேச வேண்டும்.

முதல் சண்டை எதற்கு வருகிறது தெரியுமா? ஜெராக்ஸ் எடுப்பது யார் என்று. பேமும் ரயனும் இருவருமே விற்பனைப் பிரதிநிதிகள், ரிசப்ஷனிஸ்ட் என்று யாரும் கிடையாது. அப்படியென்றால் இந்தத் தாள்களை நகலெடுப்பது யார் வேலை? ரயனைப் பொறுத்தவரை அது பேமின் வேலை, ஏனென்றால் அதைத்தானே அவள் இதுவரை செய்துகொண்டிருந்தாள். பேமுக்கு அதைத் தொடவே கூடாது, ஏனென்றால் அதிலிருந்து தப்பிக்கத்தானே வேலையையே விட்டாள். பார்ப்பவருக்குச் சின்னப்பிள்ளைச் சண்டை மாதிரி இருக்கும். புதுக் கம்பெனிகளில் கூட்டாளிகள் பிரிகிற இடம் பெரும்பாலும் இதுதான், பணத்தை விட முன்னால் வருவது இதுதான். பெயர்ப்பலகையை மாற்றிவிட்டோம், எல்லாரும் சமம் என்று சொல்லிவிட்டோம், ஆனால் டம்ளர் கழுவ, கூரியர் வாங்க, கட்டட உரிமையாளரிடம் பேச யாராவது வேண்டும், அந்த யாரோ ஒருவர் பழைய படிவரிசைப்படி தானாகவே தேர்வாகிவிடுகிறார். இதை வசனத்தில் விளக்காமல் ஒரு ஜெராக்ஸ் மெஷினை வைத்துக் காட்டியதற்கு எழுதியவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அப்புறம் பேன்கேக் விருந்து. வாடிக்கையாளர்களை வரவழைக்க மைக்கேல் போட்ட யோசனை. கிட்டத்தட்ட யாருமே வரவில்லை. மாவும் செலவும் போனதுதான் மிச்சம் என்று மூவரும் சோர்ந்து கிடக்கும்போது போன் அடிக்கிறது, முதல் ஆர்டர். கடை நடத்துகிற குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு முதல் போணி என்றால் என்னவென்று தெரியும். அந்தச் சில நொடிகளில் மூன்று பேரும் போடுகிற ஆட்டத்தில் நடிப்பே தெரியாது.

இனி விலை. இந்த ஆறு எபிசோடில் நான் அதிகம் மதிப்பது இந்தப் பகுதியைத்தான். மைக்கேல் மேனேஜராக எவ்வளவு மோசமோ, விற்பனையில் அவ்வளவு கெட்டிக்காரர். இரண்டாவது சீசனில் 'தி கிளையண்ட்' என்ற எபிசோடில், அரசாங்க ஆர்டர் ஒன்றை சில்லீஸ் ஹோட்டலில் வைத்து அவர் பிடிக்கிற விதத்தைப் பார்த்தவர்களுக்கு அதில் சந்தேகமே இருக்காது. எதிராளியைப் பேசவிட்டு, சிரிக்கவைத்து, வியாபாரத்தைப் பற்றி வாயே திறக்காமல் இருந்து, கடைசியில் கையெழுத்து வாங்குவார். அந்தத் திறமையோடு, டண்டர் மிஃப்லினை விடக் குறைந்த விலையும் சேர்ந்ததும் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக இந்தப் பக்கம் வந்துவிடுகிறார்கள். இத்தனை வருடமாகப் பெரிய ஸ்டேஷனரி சங்கிலிக் கடைகள் விலையைக் குறைத்து டண்டர் மிஃப்லினை நெருக்கின, இப்போது ஒரு ஸ்டோர் ரூமிலிருந்து அதே அடி விழுகிறது.

ஆனால் 'புரோக்' எபிசோடில் கணக்கர் வந்து ஏடுகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார், உங்கள் விலை கட்டுப்படியாகாது என்று. ஆரம்பத்தில் மூன்று பேர், ஒரு சின்ன அறை, கொஞ்சம் சரக்கு என்றிருந்தபோது போட்ட விலை அது. வாடிக்கை கூடக் கூட வண்டி, பெட்ரோல், டெலிவரி எல்லாம் கூடுகிறது, விலையோ அங்கேயே நிற்கிறது. அதாவது எவ்வளவு அதிகம் விற்கிறார்களோ அவ்வளவு வேகமாக முதலுக்கே மோசம். விடிவதற்கு முன்னால் மூவரும் எழுந்து, ஒரு தேவாலயத்தின் பழைய வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு தாங்களே டெலிவரி செய்கிறார்கள், அப்படி உயிரைக் கொடுத்து உழைத்தும் நஷ்டம் வளர்கிறது. விலையைக் கொஞ்சம் ஏற்றலாம் என்று போன் போட்டுப் பார்த்தால் வாடிக்கையாளர்கள் கழன்றுகொள்கிறார்கள். விலைக்காக வந்தவர் விலைக்காகவே போவார், அதில் அவர் மேல் தப்பும் இல்லை. எம்பிஏ படித்த ரயன் கூட இருந்தும் யாரும் இதை முன்கூட்டிக் கவனிக்கவில்லை என்பது எனக்கு மிகவும் உண்மையாகப் பட்டது. ஆர்டர் குவிகிற வேகத்தில் அடக்க விலையைத் திரும்பிப் பார்க்கிற மனநிலை யாருக்கும் வராது.

இதற்கு நடுவில் 'ஹெவி காம்பெட்டிஷன்' எபிசோடு இருக்கிறது. டுவைட் ஷ்ரூட், மைக்கேலின் பழைய விசுவாசி, முதலில் ரகசியமாக உதவுகிறார், சார்லஸ் அவரிடம் நல்லபடியாகப் பேச ஆரம்பித்ததும் எதிர்ப்பக்கம் தாவி மைக்கேலோடு யுத்தத்துக்கு நிற்கிறார். டுவைட்டின் வாடிக்கையாளர் அட்டைகளை மைக்கேல் கிளப்பிக்கொண்டு போய், அதில் குடும்ப விவரங்கள் என்னென்ன நிறத்தில் எழுதியிருக்கின்றன, எந்த நிறம் எதற்கு என்று தெரியாமல் போனில் உளறுகிற காட்சி வயிறு வலிக்கச் சிரிக்கவைக்கும். சிரிப்புக்காக மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

பேரம் பேசும் காட்சிக்கு வருகிறேன். மைக்கேல் கம்பெனி திவாலாகிவிட்டது என்பது டேவிட் வாலஸுக்குத் தெரியாது. தன்னிடம் இருப்பதிலேயே அதிக லாபம் தருகிற ஸ்கிராண்டன் கிளை வாடிக்கையாளர்களை இழந்துகொண்டிருக்கிறது என்பது மட்டும் தெரியும், பங்குதாரர் கூட்டமும் வரப்போகிறது. அதனால் மைக்கேலின் கம்பெனியை விலைக்கு வாங்கிவிடலாம் என்று கூப்பிடுகிறார். முதலில் 12,000 டாலர், பிறகு 60,000 டாலர். கையில் ஒன்றுமில்லாத மூன்று பேருக்கு அது எவ்வளவு பெரிய தொகை! மைக்கேல் வேண்டாம் என்கிறார். வாலஸ் உன் கம்பெனியின் மதிப்பே ஒன்றுமில்லை என்ற தொனியில் பேசும்போது, மைக்கேல் நிதானமாகச் சொல்கிறார்: நான் உன் கம்பெனி விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை, நீ விழும்வரை காத்திருந்தால் போதும். பங்குதாரர்களுக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். இந்தக் கம்பெனி போனால் இன்னொரு பேப்பர் கம்பெனி தொடங்குவேன், அதுவும் போனால் இன்னொன்று.

அந்த எபிசோடை இயக்கியவரும் ஸ்டீவ் கரேல்தான். பெரிய அசைவு எதுவும் வைக்காமல் முகங்களின் மேலேயே கேமராவை நிறுத்தியிருக்கிறார். மைக்கேல் கேட்பது பணத்தை இல்லை. மூன்று பேருக்கும் வேலை, தனக்குப் பழைய பதவி, சார்லஸ் வெளியே, பேமுக்கு விற்பனைப் பிரதிநிதி இடம். கணக்குப் போட்டுப் பாருங்கள், மூவரின் சம்பளமும் சலுகைகளும் வருடக்கணக்கில் சேர்ந்தால் 60,000 எங்கே, அது எங்கே. கைநீட்டி வாங்கிய காசு நான்கு மாதத்தில் கரைந்திருக்கும். அடக்க விலை போடத் தெரியாத மனிதர்தான் எதிராளியின் பயத்துக்கு என்ன விலை என்று துல்லியமாகப் போடுகிறார். கடையை நடத்தத் தெரியாமல் மூடியவர் அதை விற்கும்போது ஜெயிக்கிறார், ஏனென்றால் விற்பதுதான் அவருடைய உண்மையான தொழில். இந்த ஆறு எபிசோடும் மெதுவாகக் கட்டிக்கொண்டு வந்தது இந்த ஒரு விஷயத்துக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அதே காட்சியில் கூட்டாளிகளுக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் கவனியுங்கள். மைக்கேல் தனக்காக மட்டும் பேசிவிட்டு எழுந்திருக்கலாம். அவர் கூட வந்தவர்களை விட்டுவிட்டுப் போகவில்லை. பேமும் ரயனும் பிடிக்காமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தாலும், அந்த விடியற்காலை வேனில் பெட்டி தூக்கியதற்கு ஒரு கடன் இருக்கிறது, அதை அவர் தீர்க்கிறார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் குறை விக்ரம். நான்காவது சீசனில் மைக்கேல் இரவு வேலைக்குப் போன டெலிமார்க்கெட்டிங் கம்பெனியில் பழக்கமானவர், போனில் விற்பதில் கைதேர்ந்தவர். நடித்தவர் ரஞ்சித் சௌத்ரி, எழுபதுகளின் 'கட்டா மீட்டா' இந்திப் படத்தில் வந்த அதே நடிகர், 2020-இல் காலமானார். 'டிரீம் டீம்' எபிசோடில் அவரையும் கூட்டாளியாகச் சேர்த்துவிட்டு அதே எபிசோடிலேயே அனுப்பிவிடுகிறார்கள். முதலீடு கேட்கப் போன இடம் மைக்கேலின் பாட்டி இருக்கும் முதியோர் இல்லம் என்று தெரிந்ததும் எந்த அனுபவசாலியும் விலகுவான் என்பது நியாயம்தான். ஆனாலும் உண்மையாகவே வேலை தெரிந்த ஒருவர் அந்தச் சின்ன அறையில் நான்காவதாக இருந்திருந்தால் கதை இன்னும் கூர்மையாகியிருக்கும். அந்த வாய்ப்பை விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது, மேல்மாடியில் டண்டர் மிஃப்லின் ஆபீஸில் நடக்கிற கதை. சார்லஸ் ஜிம்மிடம் ஏதோ ஒரு அறிக்கை கேட்க, அது என்னவென்றே தெரியாமல் ஜிம் அலைவது முதலில் நன்றாக இருக்கிறது, போகப் போக இழுக்கிறது. கீழே மூன்று பேர் வயிற்றுப்பாட்டுக்கு அல்லாடும்போது மேலே இந்த விளையாட்டுக்கு இவ்வளவு நேரம் கொடுத்திருக்க வேண்டாம். சார்லஸையும் கடைசியில் அவசரமாகத் தள்ளிவிட்ட மாதிரி இருக்கிறது. இட்ரிஸ் எல்பா மாதிரி ஒருவரை வைத்துக்கொண்டு இன்னும் நிறையச் செய்திருக்கலாம். பேமின் இடத்துக்கு வந்த புது ரிசப்ஷனிஸ்ட் எரினாக எல்லி கெம்பர் அறிமுகமாவதும் இங்கேதான், வந்த முதல் நிமிடத்திலிருந்தே மனதில் நிற்கிறார்.

யார் பார்க்கலாம்? சொந்தமாகத் தொழில் தொடங்க நண்பர்களோடு பேசிக்கொண்டிருப்பவர்கள் கட்டாயம் பாருங்கள், அதுவும் கூட்டாளிகளோடு சேர்ந்தே பாருங்கள். ஜெராக்ஸ் சண்டை வரும்போது பக்கத்தில் இருப்பவர் யார் பக்கம் பேசுகிறார் என்று கவனித்தால் நிறையத் தெரியும். முன்கதை எதுவும் தெரியாதவர்கள் 'தி கிளையண்ட்' ஒன்றை முன்னால் பார்த்துவிட்டு வந்தால் மைக்கேலை வெறும் அசடாக நினைக்க மாட்டீர்கள். பின்னணிச் சிரிப்பொலி கிடையாது, ஆவணப்படம் மாதிரி எடுத்தது, அதனால் முதல் எபிசோடு கொஞ்சம் மந்தமாகத் தோன்றினாலும் விட்டுவிடாதீர்கள். பேச்சு வேகம், சப்டைட்டில் போட்டுக்கொண்டால் நல்லது.

ஆறோடு நிறுத்தாமல் 'கேஷுவல் ஃபிரைடே' என்ற அடுத்த எபிசோடையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டண்டர் மிஃப்லினில் வேலை பார்க்கும் கெவின் ஒரு பெரிய பாத்திரம் நிறையச் சமைத்துக் கொண்டுவந்து தரையில் கொட்டுகிற, இணையத்தில் எல்லாரும் பகிர்கிற காட்சி அதன் தொடக்கத்தில்தான் வருகிறது. அதைவிட முக்கியம், கூட்டணி கலைந்த பிறகு என்ன ஆகிறது என்பது. மைக்கேல் கொத்திக்கொண்டு போன வாடிக்கையாளர்களைப் பறிகொடுத்த பழைய சகாக்கள் சும்மா விடுவதில்லை, அவர்களுடையதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. விற்பனையில் இடம் ஒன்றுதான் என்றாகிறது, பேம், ரயன் இருவரில் ஒருவரை மைக்கேல் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பேமுக்கு அந்த இடம் கிடைக்கிறது. ரயன் மறுபடி டெம்ப்.